கமீயிடம் பேசக்கூடாது

பொங்கல் கழிந்ததிலிருந்து கமலவேணி தான் பெற்ற மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருக்கும் சண்டை ஒன்றுமில்லை. மகள் கமீய்க்கு நாலு வயது நடக்கிறது. வீட்டுச் சட்டம் அப்படி. சட்டம் போட்டவர் மாமனார் அர்மான்.

“ஏப்ரல்ல பள்ளிக்கூடத்துல கூப்ட்டுப் பார்க்கிற வரைக்கும் புள்ளைகிட்ட யாரும் தமிழ் பேசக்கூடாது” என்று பொங்கலுக்கு மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவர் அறிவித்தார். “தமிழ் எங்கயும் ஓடிப்போயிடாது. தெருவுல நின்னா தன்னால ஒட்டிக்கும். பிரெஞ்சு அப்பிடி ஒட்டாது.”

உப்பளம் வட்டாரத்தில் இருந்த அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். மகன் தெயோ, அதாவது கமலவேணியின் கணவன், பாரீஸுக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். ஒழுங்கான வீடு கிடைத்ததும் பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வான். அதற்குள் பிள்ளை பிரெஞ்சு பேசிப் பழகிவிட வேண்டும். அதற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார மதாம் நடத்தும் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் இடம் வாங்கியாக வேண்டும். மொத்தக் குடும்பமும் அந்த ஓர் இடத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, தமிழ் கூடாது. அப்படியானால் பிள்ளையோடு பிரெஞ்சு பேசுவது யார்? கமலவேணி அரியாங்குப்பத்துக்காரி. மாமனார் கோபத்தில் உதிர்க்கும் இரண்டு கெட்ட வார்த்தைகளைத் தவிர அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. நாத்தனார் எலிஸபெத் படித்தவள், விமான டிக்கெட் போடும் ஆபீசில் வேலை. பிரெஞ்சை வாசிப்பாள், பேசச் சொன்னால் அக்குளில் வியர்க்கும். சரளமாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் அர்மான். அவர்தான் பேத்தியிடம் வாயைத் திறக்கவே இல்லை.

“என்னோடது பட்டாளத்துப் பிரெஞ்சும்மா” என்றார், கமலவேணி கேட்டபோது. “அங்க துலோன்ங்கிற ஊர்ல ஒரு ஆபீசு. கவுன்ட்டர்ல மீசை மொளைக்காத ஒருத்தன். நான் கேட்டதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். அப்புறம் பக்கத்துல இருந்தவளைக் கூப்ட்டு, இந்த ஆளு பேசறது எந்த பாஷைன்னு கேட்டுச் சொல்லுன்னான். நான் அவன் நாட்டுக்கு லாரி ஓட்டிகிட்டிருந்தேன் அப்போ. என் பேத்தி வாயில அந்த மாதிரி பிரெஞ்சு வரக்கூடாது. பாரீஸ்காரன் வாயிலேர்ந்து நேரா இவ காதுக்குப் போவணும்.”

பாரீஸ்காரன் டேப்பில் இருந்தான். எலிஸபெத் புதிதாக வாங்கி வந்த தொடுதிரை டேப். அதில் ஒரு நீல முயல் நாளெல்லாம் பாடியது. ஓர் இளைஞன் பொம்மைப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக் கூச்சலிட்டான். நடுநடுவே பற்பசை விளம்பரம். கமீய் கண் விழித்ததும் அது மடிக்கு வரும். கண் மூடிய பிறகே போகும். சார்ஜ் இறங்கினால் சுவரோரம் ஒயரோடு உட்கார வைத்தார்கள், கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி.

சாப்பாட்டு நேரம்தான் கமலவேணிக்கு நரகம். சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டு மகளின் முன்னால் உட்காருவாள். ‘ஆ காட்டுடி, காக்காவுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்’ என்பதெல்லாம் தொண்டைவரை வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொள்வாள். உருண்டை உதட்டில் பட்டால் கமீயின் வாய் தானாகத் திறக்கும். கண் திரையை விட்டு அசையாது. யார் ஊட்டுகிறார்கள் என்று அது பார்த்ததே கிடையாது. பொங்கலுக்கு முன்பு வாயாடியாக இருந்த பிள்ளை. தெருவில் நாய் போனால்கூட ‘அதும் அம்மா எங்க?’ என்று கேட்டு உயிரை எடுக்கும். இப்போது ஒரு கேள்வி கிடையாது.

ஆனால் மாசி மாதத்தில் ஒரு நாள் பிள்ளை திரையைப் பார்த்துக் கையை ஆட்டி, “சலு லெஸாமி!” என்றது. நண்பர்களே வணக்கம் என்று அர்த்தமாம். அர்மானுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னோடு பட்டாளத்தில் இருந்த கோவிந்தசாமியைக் கூப்பிட்டு வந்து கேட்க வைத்தார்.

“யோவ் அர்மான், இது பாரீஸ் பணக்காரன் ஊட்டுப் பேச்சுய்யா!” என்றார் கோவிந்தசாமி. “நம்மள மாதிரி கல்லு அரைக்கிற பேச்சு இல்ல.”

“பின்ன? யாரு திட்டம்?” என்று அர்மான் நெஞ்சை நிமிர்த்தினார்.

இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்கள். கமலவேணி மீன் வறுத்து வைத்துவிட்டு நகர்ந்தாள். கமீய் மறுபடியும் “சலு லெஸாமி” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை கமலவேணி சட்டத்தை மீறினாள். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது டேப் சூடாகி நின்றுபோனது. பிள்ளை எழுந்து வந்து வாளியருகே நின்றாள். கமலவேணி நுரையை அள்ளித் தன் தாடையில் தாடிபோல் அப்பிக்கொண்டு, “யாருடி நானு? கெழவன்!” என்றாள்.

கமீய் சிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி அந்தத் தாடியை ஒரு தட்டுத் தட்டினாள். காத்திருந்தாள். ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தட்டு. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கமலவேணி நுரையை வழித்து எறிந்தாள்.

“வேணி! இப்ப இன்னா சொன்ன?” எலிஸபெத் கதவருகே நின்றிருந்தாள்.

“ஒண்ணும் சொல்லல அண்ணி.”

“கெழவன்னு சொன்ன. என் காதுல விழுந்துச்சி.”

“ஒரு வார்த்தைதான அண்ணி.”

“ஒரு வார்த்தை ஒரு வார்த்தையா பேசித்தான் என் தம்பிய வளைச்ச. இப்ப அரியாங்குப்பத்துத் தமிழ அவ வாயிலயும் ஏத்தி அனுப்பு. மதாம் கேள்வி கேட்டா ‘இன்னாமே’ன்னு பதில் சொல்லட்டும். நல்லாருக்கும்.”

கமலவேணி வாளியின் பக்கம் திரும்பினாள். கையில் இருந்தது மாமனாரின் சட்டை. அதைக் கல்லில் அடித்த அடியில் இரண்டு பித்தான்கள் பறந்து சாக்கடையில் விழுந்தன. அவள் எடுக்கவில்லை.

ஏப்ரலில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அர்மான் டை கட்டினார். எலிஸபெத் லீவு போட்டாள். கமீய்க்குத் தெயோ அனுப்பிய வெள்ளை கவுன். ஆட்டோவில் போகும்போதுகூட பிள்ளையின் காதில் ஹெட்போன். கடைசி நிமிடத்தில் நாலு வார்த்தை கூடுதலாக ஏறட்டுமே.

வெள்ளைக்கார மதாம் ஊரில் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சேர்க்கும் பொறுப்பு நிர்மலா என்ற டீச்சருக்கு. தமிழ்ப் பெண்தான், பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. அன்று நிறையப் பிள்ளைகளைப் பார்த்த களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது. தரையில் பாய் விரித்து, பிள்ளைக்கு ஒரு பங்காக ஒரு காலி அட்டைப்பெட்டி, இரண்டு மரக்கரண்டி, ஒரு துண்டுத் துணி, ஓர் உருண்டை களிமண் வைத்திருந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. ‘விளையாடு’ என்று கையைக் காட்டிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்தில் ஒரு குண்டுப் பையன். உட்கார்ந்ததும் கரண்டியைத் துணியில் சுருட்டிப் பெட்டிக்குள் படுக்க வைத்தான். “பாலக் குடிச்சிட்டுத் தூங்கு. இல்லன்னா பூனை வந்து கவ்விகினு போயிடும்” என்று அதட்டினான். பிறகு அந்தப் பூனையாகவும் அவனே ஆகி உறுமினான்.

“ஐயோ பாவம்” என்று எலிஸபெத் அப்பாவின் காதில் சொன்னாள். “ஒரு வார்த்தை பிரெஞ்சு இல்ல.”

கமீய் தன் பெட்டியைப் பார்த்தாள். மூடியின்மேல் விரலை வைத்து இடமிருந்து வலமாக இழுத்தாள். பெட்டி பெட்டியாகவே இருந்தது. வலமிருந்து இடமாக இழுத்தாள். நடுவில் அழுத்தினாள். களிமண்ணையும் அதேபோல் தொட்டாள். விரல் உள்ளே போனதும் பயந்து பிடுங்கி, வெள்ளை கவுனில் துடைத்தாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ வந்து மாட்டிவிடுவார்கள் என்று காத்திருக்கும் ஒயர் மாதிரி.

கமலவேணி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ‘ஏதாவது பண்ணேன்டி. தூக்கிப் போடேன். அழுவேன்.’

நிர்மலா பிரெஞ்சில் மெதுவாகப் பெயரைக் கேட்டாள். கமீய் நிமிர்ந்தாள். குரல் புதிது, மொழி பழகியது. முகம் மலர்ந்தது.

“சலு லெஸாமி!” என்றாள். அர்மான் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிள்ளை தொடர்ந்தது. நீல முயலின் பாட்டு ஒன்றரை வரி. பிறகு, “அபோனே-வு!” என்று சொல்லி, இல்லாத மணியை ஆட்டுவதுபோல் கையை ஆட்டியது. சந்தாதாரராகச் சேருங்கள் என்று அந்தப் பொம்மைக்கார இளைஞன் சொல்வது. நிர்மலா பெயரை மறுபடி கேட்டாள். இந்த முறை பிள்ளை பல்லைக் காட்டிப் பற்பசை விளம்பரத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தது.

“கவனிச்சீங்களா மதாம்?” என்றார் அர்மான். “சுத்தமான பாரீஸ் உச்சரிப்பு.”

“கேட்டேன் முசே அர்மான்.” நிர்மலா தமிழுக்கு மாறினாள். “வீட்டுல இவகிட்ட யாரு பேசறது?”

“வீட்டுல ஒரு வார்த்தை தமிழ் கெடையாது!”

“தமிழா பிரெஞ்சான்னு கேக்கல. யாரு பேசறதுன்னு கேட்டேன்.”

குண்டுப் பையனின் கரண்டி எழுந்து அழுதுகொண்டிருந்தது.

“பிரெஞ்சு நாங்க சொல்லித் தர்றோம். அதுக்குத்தான பள்ளிக்கூடம் வெச்சிருக்கோம்” என்றாள் நிர்மலா. “ஆனா ஒரு பொட்டியக் குடுத்தா அத பஸ்ஸோ வீடோ எதுவோ ஒண்ணா ஆக்கணும் புள்ளை. அத நாங்க ஊசி போட்டு ஏத்த முடியாது.” பிறகு நேராகக் கமலவேணியைப் பார்த்தாள். “நீங்கதான அம்மா? நாள் முழுக்க வீட்டுலதான இருக்கீங்க? இன்னா பண்ணிகிட்டிருந்தீங்க? கையில டேப்பக் குடுத்துட்டு நிம்மதியா இருந்துட்டீங்களா?”

கமலவேணி மாமனாரைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வார். ‘அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல மதாம், நான்தான் அவ வாயக் கட்டினேன்’ என்று ஒரு வரி. அர்மான் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரைப் பார்த்தாள். எலிஸபெத் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாரீஸ் உச்சரிப்புக்கு மார் தட்டியவர்கள், பழி விழுந்ததும் தமிழும் மறந்து பிரெஞ்சும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணியும் பேசவில்லை. வாயை மூடி மூடி அதற்கு அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது. அந்த நொடியில் அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

“ஜூன்ல இன்னொரு தடவ கூட்டி வாங்க. பார்க்கலாம்” என்று நிர்மலா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

ஆட்டோவில் அர்மான் பொருமிக்கொண்டே வந்தார். “பொறாமை. நம்ம ஊருக்காரிக்கு நம்ம புள்ளை பாரீஸ்காரி மாதிரி பேசினா பொறுக்காது. வெள்ளைக்காரி இருந்திருந்தா அப்பவே கையெழுத்துப் போட்டிருப்பா.”

எலிஸபெத் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் டேப்பை வாங்கி, இரண்டு நிமிடத்தில் மறுபடி கமீயின் மடியில் வைத்தாள்.

“விளையாடணும்னு சொன்னா இல்ல? அதுக்கும் ஆப் இருக்கு” என்றாள். “பாரு வேணி. களிமண்ணு. விரலால தேச்சா யானை வரும், வீடு வரும். பொட்டியும் இருக்கு, தொட்டா பஸ்ஸாவும். எல்லாம் பிரெஞ்சுல சொல்லுது. கவுனும் அழுக்காவாது.”

“இது ஏன் நமக்கு முன்னாடியே தோணல!” என்று அர்மான் தொடையில் தட்டினார்.

கமலவேணி அவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கிண்டல் செய்கிறார்களோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டாள். இல்லை. மெய்யாகவே சொல்கிறார்கள். வெறி பிடித்தவனைக்கூட ஒரு வழியாகச் சமாளித்துவிடலாம். இவ்வளவு நல்லெண்ணத்தை என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து டேப்பிலேயே தெயோவின் அழைப்பு வந்தது. யானையை மறைத்துக்கொண்டு அவன் முகம் வந்து நின்றது. கிடங்கில் சாப்பாட்டு இடைவேளை.

“என்ன ஆச்சு? சீட்டு கெடச்சிதா?”

அர்மான் ஒரு பக்கமும் எலிஸபெத் ஒரு பக்கமும் குனிந்து சொன்னார்கள். டீச்சருக்குப் பொறாமை, ஜூனில் நிச்சயம், இப்போது புது ஆப். தெயோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“வேணி, அப்பா சொல்றத கேளு” என்றான். “இன்னும் கொஞ்ச நாள்தான. பல்லக் கடிச்சிகினு இரு. கமீய் செல்லம், அப்பாவப் பாரு. இங்க பாரு. அப்பா...”

கமீய் அப்பாவைப் பார்த்தாள். திரையின் வலது மூலையில் விரலை வைத்துத் தட்டினாள். விளம்பரம் வந்தால் தள்ளிவிடும் இடம் அது. அப்பா போகவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினாள். அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பிள்ளை சலிப்போடு உச் கொட்டி, அவன் முகத்தின் மேல் விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளியது. தெயோ போனான். யானை திரும்பி வந்தது.

முதலில் வாயைத் திறந்தது கமலவேணிதான்.

“பார்த்தீங்களா மாமா? பெத்த அப்பன விளம்பரம்னு தள்ளிட்டா. நல்லாப் பார்த்துக்கோங்க. நாளைக்கு உங்களையும் இப்பிடித்தான் தள்ளுவா.”

“வேணி, புள்ளை முன்னாடி தமிழ்ல...” என்று ஆரம்பித்தாள் எலிஸபெத்.

“ஆமா, தமிழ்லதான்! வேற எதுல பேசுவேன் நானு? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். நான் சோறு ஊட்டினா யாரு ஊட்டறான்னு தெரியாம வாயத் தொறக்குது. அம்மாவா, மிஷினான்னு தெரியல அதுக்கு. நிம்மதியா இருந்துட்டியான்னு ஒருத்தி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறா, நீங்க ரெண்டு பேரும் ஷூவப் பாத்துகினு ஒக்காந்திருக்கீங்க!” அவள் பிள்ளையின் மடியிலிருந்து டேப்பை எடுத்து மாமனாரின் மடியில் வைத்தாள். “உங்க பாரீஸ்காரன். நீங்களே வெச்சிக்கோங்க. புள்ளைகிட்ட இனிமே நான் பேசுவேன். நிறுத்தணும்னா என் வாயில துணிய வெச்சி அடைங்க.”

கமீய் வீறிட்டாள். அம்மாவின் குரலுக்கா, டேப் போனதற்கா என்று தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களை யாரும் வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. பிள்ளை கத்தியது. திரைச்சீலையைக் கிழித்தது. கமலவேணியின் முழங்கையைக் கடித்துப் பல் பதிந்தது. சோற்றைத் துப்பியது. திரை இல்லாமல் வாயைத் திறக்கவே தெரியவில்லை அதற்கு. ஒரு மத்தியானம் கமலவேணி கையை நீட்டியும் விட்டாள். “பாரு, பாரு, பேசறேன்னு சொல்லிட்டு அடிக்கிறா” என்றாள் எலிஸபெத். அர்மான் டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ‘எப்போது கேட்டாலும் கொடுப்பேன்’ என்பதுபோல் அந்தப் பையைத் தடவிக்கொண்டே வீட்டில் திரிந்தார்.

கமலவேணிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பேசுவேன் என்று சபதம் போட்டுவிட்டாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ராஜா ராணிக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பாட்டுப் பாடினால் அவளுக்கே சகிக்காது. அவளுக்குத் தெரிந்தது திட்டுவது. அரியாங்குப்பத்தில் நாலு அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவள். மாமனாரையும் நாத்தனாரையும் முகத்துக்கு நேராக நாள் முழுக்கத் திட்ட முடியாது. வயிற்றில் எரிகிறதைக் கொட்டியாக வேண்டும். கையில் அகப்பட்ட சாமானையெல்லாம் திட்ட ஆரம்பித்தாள்.

“ஏன்டா குக்கர், நாலு விசில் அடிக்கச் சொன்னா ரெண்டோட படுத்துக்கினியே, சோம்பேறி!” என்பாள். “வா வா வெங்காயம், அழ வெக்கிறதுக்குன்னே பொறந்தவளே.” கதவைத் திட்டினாள், குழாயைத் திட்டினாள். எலிஸபெத்தின் செருப்புகளை இடது வலது என்று தனித்தனியாகத் திட்டினாள். திட்டிவிட்டு அது சொல்லும் பதிலுக்குக் காது கொடுப்பதுபோல் ஒரு கணம் நிற்பாள். பதிலுக்கும் ஒரு திட்டு.

கமீய் முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அம்மா யாரோடு சண்டை போடுகிறாள் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு காலை கமலவேணி கூடத்தைப் பெருக்க வந்து, மூலையில் சாய்ந்திருந்த துடைப்பத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

“ஏன்டி தொடப்பம்? வீடு இந்தக் கோலத்துல கெடக்கு. மூலையில சாஞ்சிகினு அப்பிடி இன்னா யோசனை உனக்கு?”

வழக்கம்போல் ஒரு கணம் நின்றாள்.

“தூங்குறா” என்றது ஒரு குரல்.

கமலவேணி திரும்பவில்லை. திரும்பினால் கெட்டுவிடும் என்று தோன்றியது. “தூங்குறாளா? மணி இன்னா ஆவுது? எழுப்பு அவள.”

“மாட்டேன். அவளுக்கு ஜொரம்.”

பொங்கலுக்குப் பிறகு அந்த வீட்டில் கமீய் பேசிய முதல் தமிழ் அது. கமலவேணி பெருக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கிறவளைப் பிடித்து எப்படிப் பெருக்குவது? கூடம் அன்று முழுக்கக் குப்பையாகக் கிடந்தது. அர்மான் காரணம் கேட்டார். “அவளுக்கு ஜொரம் மாமா” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. பிள்ளை இன்னும் சில நாள் அலமாரிக் கதவை உதைத்து அழுதது. ஆனால் பால் டம்ளருக்குப் பெயர் வைத்தது. கரண்டிகளைச் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்தது. ஒரு மாலை எலிஸபெத் ஆபீசிலிருந்து வந்தபோது கமீய் அந்தக் கரண்டிகளின் முன்னால் குந்தியிருந்தாள். ஒரு கரண்டியின் வாயைக் கையால் பொத்தி, “தமிழ் பேசுவியா? பேசுவியா? உன் ஆத்தா ஊட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிரட்டினாள். மூக்கை உறிஞ்சும் விதம்கூட எலிஸபெத் மாதிரியே இருந்தது.

எலிஸபெத் கைப்பையோடு நின்றாள். “இன்னா ஆட்டம் இது? யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லித் தரல அண்ணி” என்றாள் கமலவேணி. “விளையாடத் தெரியலன்னு சொன்னாங்க இல்ல? விளையாடறா.”

எலிஸபெத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே விளக்குப் போடவில்லை. கமலவேணிக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை.

அர்மான் மட்டும் பிடி கொடுக்கவில்லை. “ஜூன்ல மதாம் முன்னாடி போய் நிக்கணும். அப்ப தெரியும்” என்றார். “கேள்வி கேட்டா இன்னா சொல்லுவ?”

“கேக்கட்டும். போன தடவதான் வாயில பூட்டு. அங்க இடம் இல்லன்னா முக்குல இருக்கிற பால்வாடி இருக்கு.”

“பால்வாடியா! என் பேத்தியா!” அவர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது.

மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வெளுத்த சட்டையோடு அர்மான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கமீய் நாற்காலிகளைக் கவிழ்த்து ஒரு வீடு கட்டியிருந்தாள். வீட்டுக்கு அம்மா அவள். கமலவேணி பூனை. பூனை தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நாய் இல்லாத குறை. கமீய் சுற்றும் முற்றும் பார்த்தாள். தாத்தாவின் பேப்பரைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“தாத்தா, நீ நாயி. வாசல்ல வந்து ஒக்காரு.”

அர்மானுக்கு முகம் சிவந்தது. “நோன்!” என்றார். முடியாது என்பது பிரெஞ்சில் வாய் தவறி வந்துவிட்டது. பேத்தியிடம் அவர் சொன்ன முதல் பிரெஞ்சு வார்த்தை.

கமீய் இடுப்பில் கை வைத்தாள். அப்படியே கமலவேணி. “நாயி நோன் சொல்லாது! லொள் லொள்ளுன்னு கொலைக்கும்!”

அர்மான் மருமகளைப் பார்த்தார்.

“என்னைக் கேக்காதீங்க மாமா. நான் பூனை” என்றாள் கமலவேணி.

அர்மான் எழுந்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் தலைக்கேறிவிட்டது. நான் நாய் இல்லை, நான் கார்ப்பரல், இது என் வீடு, யாரிடம் என்ன பேசுகிறாய் என்று மூச்சு விடாமல் பிரெஞ்சில் கத்தினார். பட்டாளத்துப் பிரெஞ்சு, லாரி கியர் மாற்றுவதுபோலக் கரகரவென்று தொண்டையின் அடியிலிருந்து வந்தது. பாதியில்தான் தன் குரல் தனக்கே கேட்டது போலிருக்கிறது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

கமீய் அழவில்லை. அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்க்கும் பார்வை இல்லை; ஆளைப் பார்க்கும் பார்வை.

“நல்ல நாயி” என்றாள். “இன்னும் கொலை.”

கமலவேணி கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். கிழவர் உட்காருவாரா, வெளியே போவாரா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்மேல் அவளுக்கு இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு குன்றிமணி குறையவில்லை. நாற்காலி வீட்டின் வாசலில் ஒரு முழங்கால் முட்டி மடிந்து தரையில் இடித்த சத்தம் கேட்டது. பிறகு கரகரத்த தொண்டையில் பிரெஞ்சு, முன்னைவிடத் தணிந்து.

“சத்தமே வரல” என்று அதட்டினாள் கமீய். “திருடன் வந்தா இப்பிடித்தான் கொலைப்பியா?”